"எல்லாம் நல்லா போகுதும்மா": மெல்பர்னில் ஒன்றரை ஆண்டு

"பசியாறிட்டியாம்மா?"

மெல்பர்னில் இருந்த ஒன்றரை ஆண்டும் என் காலைப்பொழுது இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. புக்கிட் மெர்தாஜத்தில் அப்போது காலை ஆறு மணி. பள்ளிக்குப் புறப்படும் முன் அம்மா புலனத்தில் அழைப்பார். எனக்கு எட்டு மணி. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிடுவார்கள்; அந்த மாதங்களில் ஒன்பது மணி.

"பசியாறிட்டேன்மா" என்பேன்.

"படிப்பு எப்படிப் போகுது?"

"எல்லாம் நல்லா போகுதும்மா."

இந்த இரண்டு பதிலுமே பல நாள்களில் உண்மையில்லை. முதலாவது சின்னப் பொய். வெளிநாட்டில் படித்த யாரைக் கேட்டாலும் அந்தப் பொய்யைத் தாமும் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பொய்யை நான் ஏழு வாரம் சுமந்தேன். அந்த ஏழு வாரங்களைப் பற்றிப் பேசாமல், வெளிநாட்டுப் படிப்பு என்றால் பனிப்புகையும் டிராமும் பட்டமளிப்பு விழாப் படமும்தான் என்று எழுதினால் அது முழுக்கதை ஆகாது. பிள்ளையை அனுப்பத் தயாராகும் பெற்றோர்களும், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக் கணக்கு

என் அப்பா பிறை தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பர். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு ஒரு தம்பி. நான் புறப்பட்டபோது படிவம் நான்கில் இருந்தான்.

கணக்கியல் படிப்பை நான் இரட்டை முறையில் படித்தேன். முதல் பகுதியை இங்கே உள்ள கல்லூரியில் முடித்துவிட்டு, எஞ்சியதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது அது. மலேசிய மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போவது புதிதல்ல. 1950களிலேயே கொழும்புத் திட்டத்தின் கீழ் மலாயாவிலிருந்து மாணவர்கள் அங்கே போயிருக்கிறார்கள். அன்று உபகாரச் சம்பளம் பெற்றவர்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் மட்டும் கிடைத்ததை எங்களைப் போன்ற சம்பளக் குடும்பங்களுக்கும் எட்டும் தூரத்தில் கொண்டுவந்தது இந்த இரட்டை முறைதான். எட்டும் தூரம்தானே தவிர, எளிதான தூரம் அல்ல.

மெல்பர்னில் எனக்கு மூன்று பருவம், பருவத்துக்கு நான்கு பாடம், மொத்தம் பன்னிரண்டு. பாடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4,500 ஆஸ்திரேலிய டாலர். அப்போது ஒரு டாலர் நம் பணத்தில் மூன்று ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமே 162,000 ரிங்கிட். அப்பா ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பிள்ளையின் கல்விக்கென்று பணத்தை மீட்டார். அம்மா ஆசிரியர் கூட்டுறவுக் கடன் எடுத்தார். பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. "கழுத்துல கெடந்தா என்ன, கடையில கெடந்தா என்ன, புள்ள படிக்கட்டும்" என்று பாட்டி சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

இவ்வளவும் என் தலைமேல் இருக்கிறது என்று தெரிந்துதான் விமானம் ஏறினேன். யாரும் என்னிடம் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததுதான் கனமாக இருந்தது.

கறிவேப்பிலையின் பயணம்

2023 ஜூலை. கோலாலம்பூரிலிருந்து எட்டு மணி நேரப் பறத்தல். அம்மா பெட்டியில் பாபாஸ் மசாலாத் தூள் ஆறு பொட்டலம், புளி, அப்பளம் எல்லாம் வைத்திருந்தார். கூடவே, கொல்லையில் பறித்த கறிவேப்பிலையைச் செய்தித்தாளில் சுற்றி, எனக்குத் தெரியாமல் துணிக்குள் செருகியிருந்தார். தரையிறங்கும் முன் கொடுக்கும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு 'ஆம்' என்று குறித்திருந்தேன். அதனால் தப்பித்தேன். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். மசாலாத் தூளைத் திருப்பிக் கொடுத்தார். கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டார். பச்சை இலை, பழம், விதை, இறைச்சி விஷயத்தில் அந்நாடு மிகக் கண்டிப்பு. இருப்பதைச் சொல்லிவிட்டால் பொருள் மட்டும் போகும். மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதம், விசாவுக்கே சிக்கல் வரலாம்.

ஜூலை அங்கே குளிர்காலம். மாலை ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டிவிடும். சாளரத்துக்கு வெளியே ஆறேழு பாகை. நம் ஊர் வீடுகளில் குளிரூட்டியை எப்போது அணைப்பது என்று சண்டை வரும். அங்கே சூடேற்றியை எப்போது போடுவது என்று சண்டை. மின்கட்டணம் வந்த நாளில் நாங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு காலுறை போட்டுக்கொண்டோம்.

ஒரு வீடு, மூன்று மலேசியா

நான் தங்கியது கிளேட்டன் பகுதியில் ஒரு பழைய செங்கல் வீடு. என்னோடு இருவர். ஒருவர் கோத்தாபாருவிலிருந்து வந்த மலாய்த் தோழி. இன்னொருவர் ஈப்போவைச் சேர்ந்த சீனத் தோழி. ஊரில் பதினேழு ஆண்டு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு நெருங்கியிருப்போமா தெரியவில்லை. அங்கே மூவருக்கும் ஒரே ஏக்கம்: இரவு பதினொரு மணிக்கு ஒரு தே தாரிக்.

சமையல்தான் முதல் பேச்சுவார்த்தை. நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன். அவளுக்கு ஹலால். ஈப்போத் தோழிக்கு எல்லாமே சரி, ஆனால் காரம் அளவோடு. ஆகவே ஹலால் கடைக் கோழி, முட்டை, மீன் இவை மூன்றும் எங்கள் தேசிய உணவாயின. மலாய்த் தோழிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. முதல் வாரம் நான் மிளகாய் வற்றலை வதக்கியபோது புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டுப் பாட்டி பதறிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அதன் பிறகு சம்பல் செய்யும் நாள்களில் ஒருத்தி கிண்டுவாள், ஒருத்தி சாளரத்தைத் திறப்பாள், ஒருத்தி துண்டை விசிறிக்கொண்டு மணிக்குக் கீழே நிற்பாள்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக் காலம். கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஆனால் அன்று காலை நான் எழுந்தபோது, மலாய்த் தோழி தன் சட்டியில் ரெண்டாங் வைத்திருந்தாள், கோழி ரெண்டாங். சீனத் தோழி ஒரு தாளில் 'தீபாவளி வாழ்த்து' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். கூகலைப் பார்த்து எழுதியது. ழகரம் தலைகீழாக இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மணிக்குப் பன்னிரண்டு டாலர்

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று வந்த மூன்றாவது வாரமே வேலை தேடினேன். நம்மவர் நடத்தும் ஓர் உணவகத்தில் கிடைத்தது. மேசை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, மாலை கூட்டத்துக்குப் பரிமாறுவது. மணிக்குப் பன்னிரண்டு டாலர், கையில் ரொக்கம். முப்பத்தாறு ரிங்கிட்! பினாங்கில் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு யார் கொடுப்பார்கள்? மகிழ்ச்சியோடு சேர்ந்தேன்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் பருவம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்ற வரம்பு 2023 ஜூலை முதல் தேதிதான் நடப்புக்கு வந்திருந்தது. நான் அந்த வரம்பின் விளிம்பிலேயே நின்றேன். வாரம் 24 மணி. கடை அடைத்து, கழுவி, கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு சேர நள்ளிரவாகும். காலை விரிவுரையில் கண் சொக்கும். குழு விவாதங்களில் ஆஸ்திரேலிய மாணவர்கள் கையைக்கூட உயர்த்தாமல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கோ ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கும். தூக்கமும் சேர்ந்துகொள்ள, நான் ஒரு மூலையில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் முடிவுகள் வந்தன. மூன்று பாடங்களில் தேர்ச்சி. தணிக்கைப் பாடத்தில் தோல்வி. பள்ளியிலிருந்து அதுவரை நான் எதிலும் தோற்றதில்லை.

அன்று மாலை அம்மா கேட்டார். "எல்லாம் பாஸ்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அப்படின்னா தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கணும், வேண்டியிருக்கேன்" என்றார் அம்மா. அந்த நொடியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் திட்டம் இதுதான்: கோடை விடுமுறையில் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை. நாள் முழுக்க வேலை செய்து, அந்த 4,500 டாலரை நானே சேர்த்து, பாடத்தை மீண்டும் எடுத்து முடித்துவிட்டால் வீட்டுக்குத் தெரியவே வேண்டாம். கணக்கியல் படிக்கும் பெண்ணின் திட்டம்! 4,500-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 375 மணி நேரம். வாடகையும் சாப்பாடும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. டிசம்பர் போனது, ஜனவரி போனது. கையில் நின்றது அறுநூறு டாலர்.

தைப்பூசம்

2024 ஜனவரி 25, வியாழக்கிழமை. மெல்பர்னின் மேற்கே சன்ஷைன் பகுதியில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வீட்டிலிருந்து இரயில் மாறிப் போக வேண்டும். விடுப்பு கேட்டேன், மதியக் கூட்டத்துக்கு ஆள் இல்லை என்றார் முதலாளி. உணவகத்தின் பின்புறம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. காணொலி அழைப்பு.

திரையில் தண்ணீர்மலைப் படிகள். அம்மா மஞ்சள் சேலையில், நெற்றி நிறையத் திருநீறு, வெறுங்கால், முகமெல்லாம் வியர்வை. பின்னால் தம்பி. "பால்குடம் செலுத்திட்டேம்மா. ஐந்நூறு படிக்கு மேல, ஒரு இடத்துலகூட உட்காரல. சாமிக்கு நன்றி சொல்லிட்டேன், உன் பேரச் சொல்லி." நான் வெங்காயத்தைக் காட்டி, அதனால்தான் கண்ணில் நீர் என்றேன்.

அன்று இரவு நானே அழைத்தேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தோற்றதையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா சற்று நேரம் திரையையே பார்த்தார். "பெயிலானா என்ன, திரும்பப் படிக்கலாம். நடக்காத ஒண்ணுக்குச் சாமிகிட்ட என்னைய நன்றி சொல்ல வெச்சிட்டியே" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு நாள் "பசியாறிட்டியா" வரவில்லை.

அப்பா இருந்தார். அவர் பேச்சு எப்போதுமே இயந்திரத்தைச் சுற்றித்தான் வரும். "மெஷின் நின்னுச்சுன்னா, யாரு நிறுத்துனதுன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கக்கூடாது. எதுல நின்னுச்சுன்னு பார்க்கணும். எதுல நின்னுச்சு?" என்றார். வேலையைச் சொன்னேன். மணிக்கு எவ்வளவு என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "அந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு சொல்லுது?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. "நாங்க இங்க அரை மணி ஓவர்டைமக்கூட எழுதி, கையெழுத்து வாங்கித்தான் வெச்சிருக்கோம். கணக்கு படிக்கிற புள்ள, உன் கணக்க நீ பார்க்கலியா?" என்றார் அப்பா.

அழைப்பை வைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போது ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.23 டாலர். என்னைப் போன்ற தற்காலிக ஊழியர்களுக்கு அதற்கு மேல் 25 விழுக்காடு, அதாவது 29.04 டாலர். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் உள்நாட்டவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. வாரம் 24 மணி நேரம் உழைத்து நான் வாங்கியது 288 டாலர். சட்டப்படி அந்தப் பணத்தைப் பத்தே மணி நேரத்தில் சம்பாதித்திருக்கலாம். மீதிப் பதினான்கு மணி நேரம்தான் என் தணிக்கைப் பாடம்.

மறுவாரம் முதலாளியிடம் கேட்டேன். "நம்ம ஊருப் பிள்ளையாச்சேன்னு வேலை கொடுத்தேன், இப்படிப் பேசுறியே" என்றார். அன்றோடு நின்றுவிட்டேன். இப்படிப்பட்ட குறைகளை 'ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மன்' என்ற அரசு அலுவலகத்தில் இலவசமாகவே முறையிடலாம். நான் முறையிடவில்லை. பயமும் ஒரு காரணம், 'நம்மவர்' என்ற தயக்கமும் ஒரு காரணம். எனக்குப் பின் அந்த இடத்தில் வெங்காயம் உரிக்க வந்த பெண்ணை நினைத்தால், அது தவறு என்றே தோன்றுகிறது.

மீண்டும் ஓட்டம்

ஐந்தாம் நாள் காலை அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. "இன்னைக்கு என்ன சமைச்ச?" அவ்வளவுதான். ரசம் என்று பதில் போட்டேன். உண்மையாகவே ரசம்தான்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். என் குற்றப்பட்டியலை வாசிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நாள்காட்டியை எடுத்து, எந்தப் பாடத்தை எப்போது எடுத்தால் விசாக் காலத்துக்குள் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறையில் தணிக்கையை மீண்டும் எடுத்தேன். அதற்கான பணத்தில் பாதியை அப்பா அனுப்பினார். மறுபாதியை ஒரு பேரங்காடியில் இரவில் பொருள் அடுக்கும் வேலையில் நானே சம்பாதித்தேன். வாரம் பன்னிரண்டு மணி நேரம், சம்பளச் சீட்டு, வரி எண், நம் சேமநிதியைப் போன்ற ஓய்வுக்கால நிதிக்கு முதலாளியின் பங்கு என்று எல்லாம் முறைப்படி. அந்த நிதியை நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பிய பிறகு விண்ணப்பித்துப் பெறலாம். வரிப் பிடித்தம் உண்டு.

வீட்டில் ஒரு புது வழக்கமும் வந்தது. ஞாயிறு இரவு கணக்கு நேரம். வாடகை, பேருந்து, காய்கறி எல்லாம் அப்பாவிடம் ஒப்புவிப்பேன். பிறகு பாடம் பாடமாக எப்படிப் போகிறது என்று சொல்வேன். "எல்லாம் நல்லா போகுது" என்ற விடை செல்லாது என்பது விதி. 2024 நவம்பரில் பன்னிரண்டு பாடமும் முடிந்தன.

புறப்படும் முன்

என்னிடம் ஆலோசனை கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்பவை இவை.

பணம்: நான் போனபோது மாணவர் விசாக் கட்டணம் 710 டாலர். 2024 ஜூலையில் அது 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 மே மாதம் 29,710 டாலராக உயர்ந்தது. பழைய மாணவர் சொல்லும் தொகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். இங்கே சேமநிதியும் 2024 மே முதல் மூன்று கணக்காகப் பிரிந்துவிட்டது. கல்விக்கான மீட்பு இப்போது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து.

இருப்பு: ஒரு பாடத்தை மீண்டும் எடுக்க வேண்டிவந்தால் ஆகும் செலவை முதல் நாளிலிருந்தே தனியாக ஒதுக்குங்கள். அது அவநம்பிக்கை இல்லை. லோரியில் மாற்றுச் சக்கரம் இருப்பதைப் போலத்தான்.

வேலை: சட்டப்படியான சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே கேளுங்கள். 2025 ஜூலையில் குறைந்தபட்சம் மணிக்கு 24.95 டாலர் ஆனது, தற்காலிக வேலைக்கு அதற்கு மேல் கால் பங்கு. ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்து மகிழாதீர்கள். செலவு செய்யப்போவது டாலரில்.

உடல்நலம்: மாணவர் மருத்துவக் காப்புறுதி விசாவோடு கட்டாயம் எடுப்பது. பணம் கட்டியிருக்கிறோம் என்பதையே மறந்து காய்ச்சலோடு படுத்துக்கிடக்காதீர்கள்.

பெற்றோருக்கு: "பாஸா?" என்று கேட்டால் "பாஸ்" என்றுதான் விடை வரும். "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். தோற்றால் என்ன செய்வோம் என்பதை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பேசியிருந்தால் அந்த ஏழு வாரம் இருந்திருக்காது.

2025 பிப்ரவரி 11, அடுத்த தைப்பூசம். பட்டமளிப்பு முடிந்து ஊர் திரும்பியிருந்தேன். விடியுமுன் பாலத்தைக் கடந்து தண்ணீர்மலைக்குப் போனோம். இம்முறை பால்குடம் என் தலையில். அம்மா பக்கத்தில் நடந்தார். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. குளிர் நாட்டில் நடையெல்லாம் மறந்திருந்தது.

"முடியலன்னா சொல்லு, சும்மா நடிக்காத" என்றார் அம்மா.

"முடியலம்மா" என்றேன்.

"அப்ப நில்லு" என்று சொல்லி, தம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். சற்று நின்று மூச்சு விட்டுக்கொண்டு, மீண்டும் ஏறினோம்.